அப்பாவை மலையிலிருந்து இறக்கப் போனோம்

கொழும்புக்கு வந்த தந்தியில் இருந்தவை மூன்றே சொற்கள்: ஃபாதர், ஹில், ஸ்டார்ட். என் கணவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் படித்தார். "எச் என்று ஒரு எழுத்துக் கூடுதலாக விழுந்திருக்கிறது. ஹில் இல்லை, இல். மாமாவுக்கு உடம்பு சரியில்லை. நீ உடனே கிளம்பு," என்றார்.

முந்தின வருஷம் அம்மா இறந்தபோது நான் தென்காசி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பயம் இருந்ததால், அப்பாவின் முகத்தையாவது பார்க்க வேண்டுமே என்று வழியெல்லாம் அழுதேன். அப்போது தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். கப்பல், சுங்கம், என் பெட்டியைக் கொட்டிக் கிளறியது எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் என் எரிச்சல் மண்டபம் ஸ்டேஷனிலேயே தீர்ந்துபோகும். மலைக்கு மிச்சம் இருக்காது.

தென்காசி ஸ்டேஷனில் அண்ணன் சண்முகம் நின்றுகொண்டிருந்தான். போலீஸில் ஏட்டு. அன்று உடுப்பு இல்லை, வேட்டி சட்டை. கையில் ஒரு காகிதப் பொட்டலம், அதில் நேந்திரங்காய் வறுவல். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே என் பெட்டியை வாங்கினான்.

"அண்ணே, அப்பா?" என்றேன்.

"அப்பாவுக்கு என்ன? நல்லாத்தான் இருக்காவ."

"நல்லாவா?"

"மலைக்கு மேல இருக்காவ. அதான் தந்தியில தெளிவாப் போட்டிருந்தேனே, ஹில்லுன்னு. ஏட்டி, என்னத்துக்கு மொகம் இப்படி வீங்கிக் கிடக்கு?"

எனக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை. அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கித் தண்டவாளத்தில் எறிய வேண்டும் போலிருந்தது.

வீடு போய்ச் சேருவதற்குள் விஷயம் வெளியே வந்தது. அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே அம்மா போய்விட்டாள். அதன் பிறகு அண்ணன் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் காலையில் குடையையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு, குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. அண்ணன் அருவிக்கரை எல்லாம் தேடி, ஐந்தருவி வரை ஆள் அனுப்பி, கடைசியில் செண்பகாதேவி கோயிலுக்குப் போய் வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: கோயிலுக்கு மேலே ஒரு குகையில், ஒரு சாமியாரோடு அப்பா குடியிருக்கிறார். அண்ணன் ஏறிப்போய்க் கூப்பிட்டான். வரவில்லை. மறுபடி போனான். மறுபடியும் வரவில்லை. கோமதியைத் தந்தி கொடுத்து வரவழைக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

"சாமியாராவே போயிட்டாவளா?" என்று கேட்டேன்.

"என்ன எழவோ. தாடி வளக்காவ. நான் ஊருல எத்தன பேரப் பிடிச்சு உள்ள வச்சிருக்கேன். சொந்த அப்பாவ ஒரு குகையிலேர்ந்து வெளிய கொண்டார முடியல. பாக்குதவன் எல்லாம் சிரிக்கான். நீ சொன்னாக் கேப்பாவ. பொம்பளப் பிள்ள மேல பாசம் ஜாஸ்தி."

வீட்டில் உலகம்மாள் மதினி எனக்காகச் சொதி வைத்திருந்தாள். கொழும்பிலும் தினமும் சொதிதான், ஆனால் அது இடியாப்பத்தின் மேல் ஊற்றுகிற மஞ்சள் பால். இது காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு, இஞ்சித் துவையலோடு தின்கிற கல்யாணச் சொதி. கப்பலில் பட்டினி கிடந்தவளுக்குத் தேவாமிர்தமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மதினி எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டே பரிமாறினாள்.

"நான் என்ன கொற வச்சேன் கோமதி? நேரத்துக்குக் காப்பி, நேரத்துக்குச் சோறு. ஊரு என்னையத்தானே பேசுது, மருமவ கஞ்சி ஊத்தல, கெழவரு குகைக்குப் போயிட்டாருன்னு. அவியளுக்கு ஏற்கனவே இழைப்பு இருக்கு. அந்த ஈரத்துல கிடந்து ஏதாவது ஆச்சுன்னா நான் மூஞ்சிய எங்கன கொண்டு வைப்பேன்?"

அப்பாவின் இழைப்பை நான் மறந்திருந்தேன். மழைக்காலத்தில் அவர் மூச்சு விடுவது அடுத்த அறைக்குக் கேட்கும். சொதி அதற்குமேல் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் குற்றாலம் பஸ். கூப்பிடு தூரம்தான். நடந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம். பஸ் இலஞ்சி தாண்டியதும் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து, அதற்குள் யாரோ ஒளிந்திருப்பது மாதிரி உற்றுப் பார்த்தார். கண்டக்டர் வாளியோடு வயலுக்குள் இறங்கிப் போனார். தண்ணீர் எடுக்கப் போனவர் அங்கே ஒரு நண்பரைச் சந்தித்துவிட்டார். வெற்றிலை போட்டு, ஒரு கல்யாணப் பேச்சு முழுவதும் பேசி முடித்துவிட்டுத்தான் வாளி திரும்பி வந்தது. பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் அண்ணனைத் தெரிந்திருந்தது.

"ஏட்டையா, அப்பாவப் பாக்கவா?"

"ஆமா."

"குண்டுக்கட்டாத் தூக்கிட்டு வந்திருங்க."

"சேச்சே, அப்படிச் செஞ்சா சாபம் விட்டுருவாரு," என்றார் இன்னொருவர்.

"எங்க சித்தப்பாவும் இப்படித்தான் போனாரு. பழனிக்கு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தச் சித்தப்பா திரும்பி வந்தாரா என்று கேட்கலாமென்று திரும்பினேன். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

குற்றாலம் வந்ததும் நேரே மலைக்கு என்று நான் நினைத்தேன். அண்ணன் அப்படி நினைக்கவில்லை. சீசனில் வந்துவிட்டுக் குளிக்காமல் போவதா? எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான். பேரருவியில் ஊரே குளித்துக்கொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது, எண்ணெய் வழுக்கியது, என் கைப்பையை ஒரு குரங்கு கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. காப்பிக் கடையில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு மலையாளக் குடும்பம். அந்தக் குடும்பத் தலைவி கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பைத்தியம் தெளியும் என்று இந்த அருவியில் குளிக்க வைக்கிறார்களாம். நீங்கள் இன்னும் ஒரு தடவை குளித்துவிட்டு வாருங்கள்." எனக்கு என் அண்ணனைக் காட்டி, இவரையும் கூட்டிப் போங்கள் என்று சொல்லத் தோன்றியது.

குளித்து, இட்லி தின்று, ரம்புட்டான் பழம் வாங்கி, அதைக் கொழும்புப் பழத்தோடு ஒப்பிட்டு நாங்கள் சண்டையும் போட்டு முடித்தபோது மழை வலுத்துவிட்டது. மேலே போகிற பாதையில் காவலர் கையை விரித்தார். "ஆத்துல தண்ணி கூடிட்டு ஏட்டையா. இப்பம் ஏறாதீய. நாளைக்குக் காலையில பாப்போம்."

அன்றைய நாள் ஒரு சத்திரத்து அறையில் போயிற்று. கொடி முழுக்க யார் யாருடையவோ ஈர வேட்டிகள். அவற்றுக்குக் கீழே உட்கார்ந்து, எனக்காகவும் அப்பாவுக்காகவும் மதினி கட்டிக் கொடுத்திருந்த புளிச்சோற்றை அண்ணனே தின்று தீர்த்தான்.

இலங்கையில் சிவனொளிபாத மலையில் நான் ஏறியிருக்கிறேன். அதனால் மலை ஏறுவது எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அங்கே படி இருக்கிறது. பிடித்துக்கொள்ளச் சங்கிலி இருக்கிறது. களைத்தால் தேத்தண்ணீர்க் கடை இருக்கிறது. எதிரே இறங்கி வருகிறவர்கள் வாழ்த்திக்கொண்டே போவார்கள். செண்பகாதேவிக்குப் போகிற பாதையில் இருந்தவை பாறை, வேர், சேறு, மறுபடி பாறை. எதிரே இறங்கி வந்தவர்கள் என் காலைப் பார்த்து, "இந்தச் செருப்போடவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். சாவு வீட்டுக்கு என்று கிளம்பி வந்தவளிடம் மலைக்கேற்ற செருப்பு எப்படி இருக்கும்? சிற்றருவி தாண்டியதும் ஒன்றின் வார் அறுந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. அதன் பிறகு வெறுங்கால்.

அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் நூல் மாதிரி ஏறி, காலில் திராட்சை மாதிரித் தொங்கின. அண்ணன் புகையிலையைக் கசக்கித் தேய்த்தான். அது அட்டையைவிட அதிகமாக எரிந்தது.

"பையப் போ ஏட்டி, பையப் போ," என்று எனக்குச் சொல்லிக்கொண்டே முன்னால் போனவன், ஓடையைத் தாண்டும்போது பாசியில் கால் வைத்துத் தொப்பென்று விழுந்தான். கணுக்கால் பிரண்டுவிட்டது. எழுந்து நொண்டிக்கொண்டு, அந்தப் பாறையைப் பார்த்து, "சவத்து மூதி," என்று திட்டினான். அன்றைக்கு என் மனத்துக்குப் பிடித்த ஒரே காட்சி அதுதான்.

செண்பகாதேவி அருவி அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காட்டுக்கு நடுவில், யாரும் பார்க்க வேண்டும் என்ற அவசியம் இல்லாமல் அது தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அதை நின்று பார்ப்பதற்குள் கோயில் பக்கமிருந்து ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே தாடி. தாடிக்கு மேலே அப்பா.

"நேத்தே வந்திருக்கணுமே. லேட்டு," என்றார்.

அழ வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் அப்படிச் சொன்னதும், "ஆமாம்ப்பா, பஸ் லேட்டு," என்று பதில் சொல்லிவிட்டேன்.

மெலிந்திருந்தார். பேசும்போது நெஞ்சுக்குள் ஈரத்துருத்தி ஊதுவதுபோல இழுத்தது. எங்களைக் குகைக்குக் கூட்டிப் போனார். குகை என்றால் பெரிய பாறை ஒன்று சாய்ந்து நின்ற இடம், அவ்வளவுதான். உள்ளே இரண்டு கோரைப் பாய், ஒரு மண்சட்டி, ஒரு கொடியில் அப்பாவின் பனியன். சாமியார் உள்ளிருந்து வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த சடை. சாந்தமான முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வாடகைக்கு வந்தவன் காலி செய்ய மறுத்தால் வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

அப்பா தண்ணீர் கொண்டுவர நகர்ந்ததும் சாமியார் என் பக்கம் வந்து, "தாயீ, உங்க அப்பாவக் கூட்டிட்டுப் போயிரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் மெல்ல.

"அதுக்குத்தான் வந்திருக்கேன் சாமி."

"நல்ல மனுசன்தான். ஆனா கூட்டிட்டுப் போயிரு."

அப்புறம் அண்ணன் கேட்டான், நான் கேட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம். மதினி அழுவதைச் சொன்னேன். இழைப்பைச் சொன்னேன். வேண்டாம் என்றால் என்னோடு கொழும்புக்கு வந்துவிடுங்கள் என்றேன். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். முடிவில், "இங்கன எனக்குச் சரியா இருக்கு. சாமிக்கும் ஒரு துணையாச்சு," என்றார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அது தியானம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"ஏன் சரியா இருக்கு? வீட்டுல என்ன இல்ல?" என்று அண்ணன் கத்தினான்.

அப்பா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "ஒன் கால நீட்டு, வீங்கிருக்கு," என்றார்.

பேசிக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. ஓடை எங்கள் பாதையை மூடிவிட்டது. அன்று இரவு நான்கு பேரும் அந்தப் பாறைக்கடியில் முடங்கினோம். அப்பாவின் இழுப்பு, அண்ணனின் குறட்டை, சாமியாரின் பெருமூச்சு மூன்றும் மாறி மாறி வந்தன. காலையில் கண் விழித்தபோது இரண்டு பாயில் ஒன்று சுருட்டி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. சாமியார் இல்லை.

குளிக்கப் போயிருப்பார் என்று அப்பா காத்திருந்தார். கோயில் வரை போய்ப் பார்த்து வந்தார். பூசை செய்ய வந்திருந்தவர், விடிந்தும் விடியாமலும் அவர் தேனருவிப் பக்கம் ஏறிப் போனதாகச் சொன்னார். அப்பா வந்து அந்தச் சுருட்டிய பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாலதான் போயிட்டாரு," என்றார்.

"நல்லதாப் போச்சு. இனி இங்கன ஒமக்கு என்ன வேலை? கெளம்புங்க," என்றான் அண்ணன்.

"அவரு எடம்லே இது. நான் வந்து வெரட்டிட்டேன். அவர்கிட்டச் சொல்லாம நான் இறங்க மாட்டேன்." எழுந்து குடையை எடுத்தார். தானே தேனருவிக்குப் போகிறாராம். நான்கு எட்டு வைத்ததுமே இழுப்பு வந்து பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் கறுத்துவிட்டது. நான் பயந்துபோனேன். இன்னும் சில நாள் இங்கே இருந்தால் இவரைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் போயிக் கூட்டிட்டு வாரேன். நீங்க இருங்க," என்றேன்.

அண்ணனால் நடக்க முடியாது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். ஆக, அப்பாவை இறக்குவதற்காகக் கடல் தாண்டி வந்த நான், அப்பாவிடமிருந்து தப்பி ஓடிய ஒருவரைத் திருப்பிக் கொண்டுவர இன்னும் மேலே ஏற வேண்டியதாயிற்று. இதைக் கொழும்பில் யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

மூலிகை பறிக்கப் போன ஒரு புருஷனும் பெண்சாதியும் என்னைக் கூட்டிப் போனார்கள். பாதை என்று ஒன்று இல்லை. ஆற்றுப் பாறைகளில் தாவித் தாவி ஏற வேண்டும். ஒரு இடத்தில் மரத்து வேரைப் பிடித்துத் தொங்கி, அடுத்த பாறைக்குக் காலை எட்டி வைக்க வேண்டும். அந்தப் பெண் மேலே நின்று தன் முந்தானையை முறுக்கி இறக்கினாள், நான் பிடித்துக்கொண்டேன், அவள் இழுத்தாள். அதற்கிடையில் அவளும் அவள் புருஷனும் ஓயாமல் சண்டை போட்டார்கள்.

"இந்தப் பக்கம் வேண்டாம்னு சொன்னேன், கேட்டீரா?"

"நீ சொன்ன பக்கம் போயித்தான் போன வாரம் விழுந்தேன்."

"விழுந்த வாயி இன்னும் பேசுதே!"

முழங்கால் சிராய்த்தது. சேலை கிழிந்தது. ஒரு கட்டத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, ஹில், ஸ்டார்ட் என்று தந்தியடித்த அண்ணனையும், அந்த எழுத்தை நம்பாத என் கணவரையும் ஒருசேரத் திட்டினேன். அந்தப் பெண் அதையெல்லாம் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் திட்டிக்கோம்மா, ஏத்தம் இனிமேத்தான் இருக்கு," என்றாள்.

தேனருவிக்குக் கிட்டே போனதும் இருவரும் சண்டையைச் சட்டென்று நிறுத்தினார்கள். அவள் உதட்டில் விரல் வைத்தாள். மேலே காட்டினாள். செங்குத்துப் பாறையில் கறுப்புக் கறுப்பாகத் தேன்கூடுகள் தொங்கின. ஒவ்வொன்றும் முறம் அளவு. ஒரு சத்தம், ஒரு புகை, ஒரு கல் போதும், கலைந்து வந்துவிடுமாம். கீழே, ஆற்றுத் தண்ணீர் எட்டாத ஒரு பாறைத் திட்டில், சாமியார் உட்கார்ந்திருந்தார்.

வழியெல்லாம் அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். எல்லாமே கத்திக் கேட்க வேண்டியவை. இப்போது குசுகுசுவென்றுதான் பேச முடிந்தது.

"சாமி, இது நல்லா இருக்கா? சொல்லாமக் கொள்ளாம வந்துட்டியளே. அப்பா இறங்க மாட்டேங்காவ."

"மெல்ல தாயீ, மெல்ல." அவர் கூடுகளைப் பார்த்துக்கொண்டார். "அவரு இறங்குனாத்தான் நான் அங்கன வருவேன்."

"நீங்க வந்தாத்தான் அவிய இறங்குவாவளாம்!"

"சத்தம் போடாத."

"அப்படி என்னதான் செஞ்சாவ எங்க அப்பா?"

அவர் மறுபடி கூடுகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "உங்க அம்மாவுக்கு எருமையக் கண்டா பயம். தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியும். வந்த அன்னைக்கு அவிய பேரச் சொன்னாரு. மறுநாள் அவிய ஊரு. அப்புறம் ரசத்துல என்னென்ன தட்டிப் போடுவாவ, கோவம் வந்தா எந்தப் பாத்திரத்த உருட்டுவாவ, தல சீவும்போது என்ன முணுமுணுப்பாவ, எல்லாம் சொல்லிட்டாரு. காலையில ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. நான் கண்ண மூடினாலும் சொல்லுவாரு."

"வீட்டுல ஏன் இதெல்லாம் பேசல?"

"பேசினாராம். வாயத் தொறந்தாலே ஒங்க அண்ணன், அத ஏம்ப்பா இப்பம்னு எந்திரிச்சுப் போயிருவானாம். மருமவ அழுதிருவாளாம். பெறகு பேசவே பயந்துட்டாரு. என்கிட்ட வந்தா, நான் குகையில இருக்கவன். எந்திரிச்சு எங்கன போவேன்?"

சிரிப்பு வந்தது. தேன்கூடுகளுக்குப் பயந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சாமியார் என்னைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் வீட்ட விட்டு வந்தவன். அங்கன ஒருத்தி இருந்தா. அவ மொகங்கூட எனக்கு மறந்துபோயிருந்தது. உங்க அப்பா அவரு பெண்டாட்டியப் பத்திச் சொல்லச் சொல்ல, எனக்கு எம் பெண்டாட்டி ஞாபகம் வருது. கண்ண மூடினா வந்து நிக்கா. எத்தனையோ வருசம் ஒக்காந்து மறந்தது எல்லாம் போச்சு. அதான் ஓடியாந்தேன் தாயீ. அவரு மேல கோவம்னு நெனச்சுக்கிடாத."

அருவியின் சாரல் எங்கள் மேல் விழுந்துகொண்டே இருந்தது. புறப்படும்போது அவரே சொன்னார்: "கோவம் இல்லைன்னு சொல்லு. பௌர்ணமிக்குக் கோயிலுக்கு வந்தா பாத்துக்கிடுவோம். மத்த நாள்ல நீங்க கேளுங்க."

இறங்குவது ஏறுவதைவிட மோசம் என்பதை மட்டும் குறித்துவிட்டு, குகைக்கு வருகிறேன். அப்பா நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தார். அண்ணன் காலை நீட்டிக்கொண்டு எதிரே முறைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அப்பா எட்டிப் பார்த்தார்.

"சாமிக்குக் கோவம் இல்லப்பா. பௌர்ணமிக்குப் பாப்போம்னாவ."

"கோவம் இல்லைன்னா ஏன் போனாரு?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு எருமைன்னா பயமாமே?" என்று கேட்டேன்.

"ஏட்டி," என்று அண்ணன் அவசரமாகக் குறுக்கிட்டான், "அத ஏன் இப்பம்..."

"நீ வாய மூடு," என்றேன். அண்ணனிடம் அப்படி நான் பேசியதே இல்லை. போலீஸ்காரன் வாயை மூடிக்கொண்டான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அது ஒரு கத," என்றார். குடையை ஊன்றி எழுந்தார். பையை எடுத்துக்கொண்டார். கொடியில் கிடந்த பனியனை உருவிக்கொண்டார். எங்களிடம் எதுவும் சொல்லாமல் இறங்க ஆரம்பித்தார்.

அந்த இறக்கத்தைப் போல என் பொறுமையைச் சோதித்த நடை இன்னொன்று இல்லை. எருமைக் கதை முடிவதற்குள் எதிரே ஒரு எருமை வந்திருந்தால்கூட அப்பா கவனித்திருக்க மாட்டார். நடந்துகொண்டே பேச அவருக்கு மூச்சு போதாது. ஆகவே பேச வேண்டும் என்றால் நிற்பார். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். மழை தூறியது. அட்டை ஏறியது. என் வெறுங்காலில் முள். அண்ணன் என் தோளில் பாதிப் பாரத்தைப் போட்டுக்கொண்டு நொண்டினான். "நடந்துக்கிட்டே சொல்லுங்கப்பா," என்று கெஞ்சினேன். சரி என்பார். அடுத்த பாறையில் மறுபடி நிற்பார். கல்யாணமான புதிதில் அம்மா அவரோடு பேசாமலே இருந்த நாட்கள், அவள் மூக்குத்தியைத் தொலைத்துவிட்டு அவர்மேல் பழி போட்டது, டூட்டி முடிந்து வரும்போது தெருமுனையிலேயே அவருக்கு மணக்கும் ரசம். எனக்கு எதுவும் தெரியாது. கேட்கக் கேட்க, யாரோ ஒரு இளம் பெண்ணைப் பற்றிக் கேட்பது போலத்தான் இருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

அடிவாரம் வந்து பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அப்பா கடைசியாக ஒரு கதையில் இருந்தார். அவர் வேலை பார்த்த வண்டியில் அம்மா ஒரு தடவை செங்கோட்டையிலிருந்து புனலூர் போனாளாம். டிக்கெட் வாங்கிப் பெண்கள் பெட்டியில் அவள், கடைசிப் பெட்டியில் அவர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எதையோ சோதிக்கிறவர் மாதிரி அவள் ஜன்னலோரம் நடந்து போவாராம். அவள் இவரை யாரென்றே தெரியாதவள் போல உட்கார்ந்திருப்பாளாம்.

"சுரங்கம் வந்ததும் பெட்டிக்குள்ள எல்லாப் பொம்பளையும் கூச்சல். அவ மட்டும் சத்தம் காட்டல. அந்தப் பச்சச் சேலைய இழுத்து..."

"நீலம்," என்றான் அண்ணன்.

அப்பா நிறுத்தினார்.

"பச்ச இல்லப்பா. நீலம். நான் மடியில இருந்தேன்லா. இருட்டுக்குள்ள போனதும் முந்தானைய எடுத்து எம் மொகத்த மூடிட்டா. மூச்சு முட்டிச்சு. நான் அழுதேன். வெளிய வந்த பெறகுதான் எடுத்தா. வெளிச்சத்துல நீலமா இருந்துச்சு."

"பச்சலே."

"நீலம்ப்பா. ஓரத்துல மஞ்ச. எனக்குத் தெரியும்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் ஒரு ஸ்டேஷன்ல நீங்க ஜன்னல்கிட்ட வந்தீய. நான் அப்பான்னு கத்தப் போனேன். அம்மா எம் வாயப் பொத்தி, அது அப்பா இல்லலே, கார்டு அப்படின்னா."

அப்பா அவனையே பார்த்தார். "இத எனக்கு அவ சொல்லவே இல்லையே," என்றார்.

தென்காசி பஸ் வந்து நின்றது. எங்களைத் தவிர எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் கவனிக்கவில்லை.

"ஏட்டையா, ஏறுதீயளா இல்லையா?" என்று கண்டக்டர் கத்தினார்.

அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டிப் பஸ்ஸைப் போகச் சொன்னான். அவனுக்கு இன்னும் சொல்ல இருந்தது.